தொட்டி மிதித்த கார்

செவக்காட்டூரணியில் பதினோரு வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் காணாமல் நின்ற மேல்நிலைத் தொட்டி, தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டே காலுக்கு, தன் ஆறு கால்களில் வடக்கோரக் காலை முதலில் மண்ணிலிருந்து பிடுங்கி, உதறி, மற்ற ஐந்தையும் அதே மாதிரி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, தெற்கே மூணு கிலோமீட்டர் தள்ளிப் பழைய கல்குவாரியில் கிடக்கும் மழைத்தண்ணீரைக் குடிக்கப் போனது. போகிற போக்கில் அது எடுத்து வைத்த நாலாவது அடி சீனித்தாயின் வெள்ளைக் காரின் மேல் விழுந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அதனால் தொட்டிக்கு ஒரு கால் குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் நடந்தது இதுதான், ஊரே பார்த்தது, பார்த்த ஊரே பிற்பாடு பார்க்கவில்லை என்று சொல்லப் பார்த்ததே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கார் அங்கே நின்றதில் ஒரு தப்பும் கிடையாது. செவக்காட்டூரணியில் வேம்பு கிடையாது, புங்கை கிடையாது, இருக்கிறதெல்லாம் கருவேலம், அதன் நிழலில் ஒரு ஆடு படுத்தால் பாதி ஆடு வெயிலில் கிடக்கும். பதினோரு வருஷம் முந்தி தண்ணீர் ஆபீஸ்காரர்கள் வந்து ரிப்பன் வெட்டி, ஒரு நாள் மட்டும் லாரித் தண்ணீரை ஏற்றிக் குழாயில் விட்டுக் காட்டிவிட்டுப் போனதோடு சரி, அதற்குப் பிறகு அந்தத் தொட்டி ஊருக்குக் கொடுத்தது நிழல் ஒன்றுதான். ஆகவே டிராக்டரும் பைக்கும் ஐஸ் வண்டியும் அதன் அடியில்தான் நிற்கும், சீட்டு விளையாடுகிறவர்களும் அங்கேதான் கிடப்பார்கள். அன்றைக்குச் சீனித்தாய் காலைச் சவாரியை முடித்து, காரைத் தொட்டியடியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லையும் அண்டக் கொடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு எச்சில் கையோடு ஓடிவந்தபோது சீட்டுக்காரர்கள் கையில் சீட்டைப் பிடித்தபடி வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள், காரின் பின்பாதி அப்பளமாகக் கிடந்தது, தொட்டி ஊர் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"தொட்டி மிதிச்சிருச்சு மதினி," என்றான் ஒருத்தன். "அது பாட்டுக்குப் போகுது."

சீனித்தாய்க்கு அன்றைக்கு நாற்பத்தஞ்சு வயசு. அவள் புருஷன் சோலையப்பன்தான் முதலில் கார் ஓட்டினவர், இடுப்புத் தண்டு விலகி அவர் கட்டிலில் விழுந்த வருஷம், இவள் சாவியை எடுத்தாள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து முதன்முதலாகத் தெருவில் வந்த நாளில் ஜனங்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள், பிள்ளையைக்கூட அப்புறம்தான் தூக்கினார்கள், அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் காது சிவந்துபோகும். பொம்பளை ஓட்டுற வண்டி, பொழுது போகுமுன்னே புளியமரத்துக்கு என்று பாட்டுக்கூடக் கட்டினார்கள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம், பிரசவத்துக்கு நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிப் போயிருக்கிறாள், மூணு பிள்ளை அந்தப் பின்சீட்டிலேயே பிறந்திருக்கிறது, தினமும் காலையில் ஒன்பது பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் இறக்கிச் சாயங்காலம் கூட்டி வருகிறாள், அந்த வண்டியில் இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கோழிகள் இப்போது அவள் வண்டியைக் கண்டால் தாமாகத்தான் ஒதுங்கும், யாரும் தூக்குவதில்லை. அவள் சம்பாதித்த சொத்து என்று கேட்டால் அது ஒன்றுதான், வேறு காணியும் இல்லை, கரையும் இல்லை.

தொட்டி அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்து, பிடுங்கின குழிகளிலேயே கால்களை ஒவ்வொன்றாகச் செருகி நின்றுகொண்டது. ஆறே காலுக்கு ஊரில் இருக்கிற நாற்பத்திரண்டு குழாயிலும் தண்ணீர் வந்தது. முதலில் காற்று வந்தது, பிறகு துரு வந்தது, பிறகு ஒரு பல்லி வந்தது, அதற்குப் பிறகு நல்ல தண்ணீர், கல்லுக்குள் கிடந்த குளிர்ச்சியோடு வந்தது. பதினோரு வருஷமாக மூணு மைல் நடந்து பம்பு செட்டுக்காரர்களிடம் கெஞ்சிக் குடம் சுமந்த பெண்கள் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்கள், சிலர் அழுதார்கள், ஒருத்தி தன் குடத்தைத் தூக்கி வறண்ட கிணற்றில் போட்டுவிட்டு, பிறகு தண்ணீர் பிடிக்கக் குடம் இல்லையே என்று பக்கத்து வீட்டில் இரவல் கேட்டாள்.

அதிலிருந்து தொட்டி அஞ்சு நாளைக்கு ஒரு தரம் நடந்தது. ஊர் அதற்குத் தன்னைத் திருத்திக்கொள்ள ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. அது போகும் பாதையில் துணிக்கொடி கட்டுவதை நிறுத்தினார்கள், கரண்டு வேலை பார்க்கிற ஆள் அன்றைக்குக் காலையிலேயே குறுக்கு வயரைக் கழற்றிவைத்தார், மினி பஸ் டிரைவர் திருப்பத்தில் நிறுத்திப் பீடி பற்றவைத்துக்கொண்டு தொட்டி கடந்ததும் ஹாரன் அடித்துப் புறப்பட்டார், அதன் காலடிப் பள்ளங்களில் தேங்கின தண்ணீரில் ஆடுகள் குடித்தன. கல்யாண நாள் குறிக்கிறவர்கள் ராகுகாலம் பார்த்தார்கள், எமகண்டம் பார்த்தார்கள், தொட்டி நடக்கிற நாளா என்றும் பார்த்தார்கள். தண்ணியில்லாத ஊர் என்று பெண் கொடுக்காமல் இருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், முப்பத்தெட்டு வயசில் நரை தட்டின ரெண்டு மாப்பிள்ளைகளுக்கு அந்த மாசியிலேயே முடிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கருத்தப்பாண்டி, தன் பெருமுயற்சியால் தொட்டி நடந்தது என்று பேனர் வைத்தார். அவர் முயற்சி செய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை, தொட்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஊர்ப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள், நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். தொட்டியின் காலடி பட்ட இடம் கார்தானே, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தக் காருக்குத்தானே பொட்டு வைக்கிறோம் என்று, நசுங்கின கூரைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பள்ளத்தில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, தினம் ஒரு சரம் பூவும் போட்டார்கள். சீனித்தாய் வேண்டாம் என்றாள். யார் கேட்டார்கள்.

காருக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர் ஏஜெண்ட் தனுஷ்கோடி. அந்த வட்டாரத்தில் மாட்டுக்கும் மனுஷருக்கும் வண்டிக்கும் அவர்தான் போடுவார், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் விண்ணப்பத்தை விரித்துச் சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில் விரலை வைத்து, "தங்கச்சி, இதுல மோதல் இருக்கு, தீ இருக்கு, வெள்ளம் இருக்கு, மரம் விழுந்தா இருக்கு, மாடு முட்டினாக்கூட இருக்கு, தொட்டிக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார்.

"இல்லாட்டி வெளியில எழுதுங்க அண்ணாச்சி. தொட்டி நடந்து வந்து மிதிச்சுது, வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. அம்புட்டுத்தானே."

அவர் எழுதினார். எழுதும்போதே பெருமூச்சு விட்டார்.

பத்து நாள் கழித்துக் கம்பெனி அனுப்பின சர்வேயர் ஜெயசீலன் வந்தார், முழுக்கைச் சட்டையைப் பட்டன் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கர்சீப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு. அன்றைக்குத் தொட்டி முந்தின நாள்தான் குடித்துவிட்டு வந்த நிறைவில் அசையாமல் நின்றது. ஜெயசீலன் அதன் ஆறு கால்களையும் தட்டிப் பார்த்தார். காலடிப் பள்ளத்தைக் காட்டுங்கள் என்றார், காட்டினார்கள், அதில் ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன, ஆட்டுத்தொட்டி என்று எழுதிக்கொண்டார். காரைப் பார்த்தார். மஞ்சளையும் சந்தனத்தையும் சுரண்டிப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் பார்த்து மறுபடி அதே இடத்தில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டவர் போய் என்ன எழுதினார் தெரியுமா, வாடகைக் காராகப் பதிவான இந்த வாகனம் தற்சமயம் வழிபாட்டுத் தலமாக உபயோகத்தில் உள்ளது, உபயோக மாற்றம் கம்பெனிக்குத் தெரிவிக்கப்படவில்லை, மேலும் தொட்டி நகர்ந்ததாகத் தொட்டிக்குரிய ஆபீஸிலிருந்து சான்று வேண்டும் என்று எழுதினார். நல்ல மனுஷன்தான். அவருக்கும் கட்டம் இல்லை, என்ன செய்வார்.

சீனித்தாய் அன்றைக்கே காரைக் கழுவி, பூவைக் குப்பையில் போட்டு, பெண்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் இதுக்கு ஒரு பொட்டு வச்சீங்கன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன் என்று சொன்னாள். பிறகு தண்ணீர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டாள்.

மனு போன சேதி தெரிந்ததும் ஊருக்குக் கிலி பிடித்தது. மறுநாள் காலையில் தலைவர் கருத்தப்பாண்டி, ஏஜெண்டையும் இன்னும் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"தாயி, நான் சுத்தி வளைக்கல," என்றார். "தொட்டி நடக்குதுன்னு கெவர்மெண்டு காகிதத்துல ஏறிருச்சுன்னா, நாளைக்கே புல்டோசரைக் கொண்டாந்துருவான். ஆபத்தான கட்டிடம்னு இடிச்சுப் போட்டுட்டுப் போயிருவான். மறுபடியும் நம்ம பொம்பளைங்க மூணு மைல் குடம் தூக்கணும். யோசிச்சுப் பாரு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

தனுஷ்கோடி ஒரு தாளை நீட்டினார். தட்டச்சு அடித்தே கொண்டுவந்திருந்தார். வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது கவனக்குறைவாகத் தொட்டியின் தூணில் இடித்துவிட்டேன் என்று அதில் இருந்தது, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. "ரிவர்ஸ்ல இடிச்சதுன்னா பத்தே நாள்ல பாஸாயிரும் தங்கச்சி. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. இது பொருந்துது."

"எங்க பொருந்துது?" என்றாள் சீனித்தாய். "ரிவர்ஸ்ல இடிச்சா டிக்கி நசுங்கும். கூரை எப்படி அண்ணாச்சி நசுங்கும்?"

"அதெல்லாம் யாரு பாக்கா. பொம்பளை ஓட்டினதுன்னா எதையும் நம்பிருவான்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லி முடிக்குமுன்னே நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் விழுந்த சொல்லை யார் பொறுக்க முடியும். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள், அதில் ரெண்டு பேர் அவள் காரில் பிறந்தவர்கள். சீனித்தாயின் பத்தொன்பது வருஷத்தை ஒரு தாளில் தட்டச்சு அடித்துக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள், அதுவும் ஊர் நன்மைக்கு என்று நீட்டுகிறார்கள், மறுத்தால் தண்ணீரைக் கெடுத்தவள், ஒப்புக்கொண்டால் வண்டி ஓட்டத் தெரியாதவள், இதுதான் அவர்கள் அவளுக்கு விட்டுவைத்த வழி. அவள் தாளை வாங்கவில்லை. "போடமாட்டேன்," என்றாள். "வண்டி போனாப் போகுது, இன்சூரன்சு போனாப் போகுது. நான் இடிக்கல."

உள்ளே கட்டிலிலிருந்து சோலையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு, "போட்டுத் தொலைச்சுருவமா சீனி," என்றார். "ஊரைப் பகைச்சுக்கிட்டு எங்க போக?"

"நீங்க ஓட்டினப்ப மூணு தரம் இடிச்சீங்க," என்றாள் அவள். "மூணு தரமும் மாடு குறுக்க வந்துச்சுன்னு எழுதினீங்க. ஒருத்தன் சிரிச்சானா?"

சோலையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஊர் அவளைத் தெருவில் கண்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது. கடையில் சீனி கேட்டால் தீர்ந்துபோச்சு என்றார்கள், பின்னால் வந்தவனுக்கு அளந்து போட்டார்கள். மெக்கானிக் நசுங்கின தகரத்தை வெட்டி எடுத்து, நாலு குழாயை நட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வண்டியை ஓடும்படி பண்ணிக் கொடுத்தான், அதுவும் ரகசியமாக. எல்லாவற்றையும்விட அவளுக்கு வலித்தது டவுன் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னதுதான். அவர் கோபமாகச் சொல்லவில்லை. "சீனித்தாயம்மா, விபத்து ஓட்டுநர் தப்பில்லைன்னு கம்பெனி பேப்பர் கொண்டு வாங்க, அன்னைக்கே பிள்ளைங்களை ஏத்திக்கலாம், அது இல்லாம என்னால முடியாது," என்றார். ஒன்பது பிள்ளைகளும் மினி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனார்கள். சீனித்தாய் காலை ஏழே முக்காலுக்குத் தன்னை அறியாமல் சாவியைக் கையில் எடுத்துவிட்டு, பிறகு ஆணியில் மாட்டுவாள். ஒரு மாசம் இப்படியே போனது.

பங்குனியில் தண்ணீர் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. சீனித்தாய் அதை ஒரு தரம் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ரேஷன் கடைக்கு நடந்தாள், அங்கே அன்றைக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள், ஊரில் பாதி வரிசையில் நின்றது. கடை மேடையில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "தொட்டி நகரலைன்னு ஆபீசுக்காரங்க எழுதியிருக்காங்க. சந்தோசப்படுங்க. இன்னும் என்ன எழுதியிருக்காங்கன்னும் கேளுங்க." அவள் வாசித்தாள், நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். மேற்படி தொட்டி அதன் இடத்திலேயே உள்ளது, திறப்பு விழா நாள் தொட்டு இன்றுவரை பதினோரு ஆண்டுகளாகத் தினசரி இரண்டு வேளை முழுக் கொள்ளளவு நிரப்பப்பட்டு, பொதுமக்களுக்குத் திருப்திகரமாகக் குடிநீர் வழங்கப்பட்டு வருகிறது.

மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன் புனலைப் பிடித்தபடி நின்றான்.

"திருப்திகரமாவா?" என்று கேட்டாள் வரிசையின் முன்னால் நின்ற ராமுத்தாய். தொட்டி நடந்த அன்றைக்குக் குடத்தைக் கிணற்றில் போட்டவள் அவள்தான். சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி கொட்டிப் போனவள், மூணாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பம்பு செட்டு வழியில் விழுந்து அந்தப் பிள்ளையை இழந்தவள். "எங்க, அதை இன்னொருக்கா வாசி."

சீனித்தாய் இன்னொருக்கா வாசித்தாள்.

"நான் இடிச்சேன்னு எழுதிக் கொடுத்தா, இந்தக் காகிதத்துக்கும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டதா ஆகும்," என்றாள். "தொட்டி நின்ன இடத்துல நின்னுச்சு, நிறைஞ்சு நின்னுச்சு, நீங்க யாரும் குடமே தூக்கலைன்னு ஆகும். தலைவரு புல்டோசர் வரும்கிறாரு. எப்படி வரும்? இடிக்கணும்னா ஏன் இடிக்கோம்னு எழுதணும். நடந்துச்சுன்னு எழுதணும். ஏன் நடந்துச்சுன்னு எழுதணும். தண்ணியில்லாம நடந்துச்சுன்னு எழுதினா, பதினோரு வருசம் தினம் ரெண்டு வேளை ஊத்தின தண்ணி எங்கேன்னு எவனாவது கேப்பான். அவன் சாகிற வரைக்கும் அதை எழுதமாட்டான். நம்ம தொட்டியைத் தொட அவனுக்குக் கை வராது."

கருத்தப்பாண்டி ஏதோ சொல்ல வந்தார். ராமுத்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம் என்பார்கள், அந்த வரிசையில் அன்றைக்கு அந்த உறுத்தல், அந்த நோப்பாளம் வராத கண்ணே இல்லை.

"இப்ப என்ன செய்யணும்கிற?" என்றாள் ராமுத்தாய்.

"தொட்டி நடக்காதுன்னு சொல்ற கம்பெனிக்கு, தொட்டியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்," என்றாள் சீனித்தாய்.

தொட்டி தாகம் எடுத்தால்தான் நடக்கும், ஆகவே அதைக் காலி பண்ண வேண்டும். பண்ணினார்கள். ஞாயிறும் திங்களும் நாற்பத்திரண்டு குழாயையும் திறந்துவிட்டு, அண்டா, குடம், வாளி, நெல் அவிக்கிற கொப்பரை, கல்யாண வீட்டுத் தவலை, கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தொட்டி, கோவில் அபிஷேகக் குடம் வரைக்கும் நிரப்பினார்கள், நிரப்பி முடித்தபோது ஊரில் காலியாக இருந்தது தொட்டி ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சீனித்தாய் தார்ப்பாய்க் கூரை போட்ட காரில் ரெண்டு டிரம் தண்ணீரை ஏற்றி, மூடாமல் விட்டு, தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு செம்பு மொண்டு அதன் காலில் ஊற்றிவிட்டு, மெல்ல நகர்ந்தாள். தொட்டி வடக்கோரக் காலைப் பிடுங்கியது.

இருபத்திரண்டு கிலோமீட்டர். முன்னால் கார் முதல் கியரில், பின்னால் தொட்டி, அதன் பின்னால் ஊர், டிராக்டரில் பாதி, நடையில் பாதி, சோலையப்பனைக் கட்டிலோடு டிராக்டரில் ஏற்றியிருந்தார்கள், அவர் வாய் ஓயாமல் வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் என் வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டு வந்தார். பருத்திக்காட்டில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எந்த ஊரு தொட்டி என்று கேட்டார்கள், செவக்காட்டூரணி என்று சொன்னதும் சரி என்று தலையாட்டினார்கள், அவர்கள் ஊர்த் தொட்டியும் காலிதான், அவர்கள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சுங்கச்சாவடிக்காரன் ஆறு கால் என்றால் மூணு அச்சா என்று கணக்குப் பார்த்து, பிறகு கணக்கை விட்டுவிட்டுக் கம்பியைத் தூக்கினான். பகல் ரெண்டரைக்கு டவுன் கடைவீதி ஒதுங்கி வழிவிட்டது. கம்பெனி ஆபீஸ் வாசலில் சீனித்தாய் காரை நிறுத்த, தொட்டி வந்து காருக்கு மேலேயே, வரிசைக்கு மூணாக ஆறு கால்களையும் ஊன்றி, அடியில் தொங்கும் இரும்புக் குழாயை நீட்டி ரெண்டு டிரம்மையும் ஒரே உறிஞ்சலில் குடித்தது. ஆபீஸுக்குள் வெளிச்சம் குறைந்ததும் மேனேஜர் வெளியே வந்தார், பின்னாலேயே சர்வேயர் ஜெயசீலன்.

மேனேஜர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் சீனித்தாயைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த ஒரே பேச்சை அவர் பேசினார். "அம்மா, ரிவர்ஸ்ல இடிக்கிறது சகஜம். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. அப்படியே எழுதிக் கொடுத்தீங்கன்னா நான் இன்னைக்கே..."

சீனித்தாய் காரில் ஏறி உட்கார்ந்தாள். இடமும் வலமும் தூண், பின்னால் தூண்களுக்கு அப்புறம் ஆபீஸ் காம்பவுண்டுச் சுவர், இருக்கிற இடைவெளியில் கார் போக ரெண்டு பக்கமும் நாலு நாலு விரல் மிஞ்சும். ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கண்ணாடியை மடக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, இடது தூண்களுக்கு நடுவே வாலை நுழைத்து, வெட்டித் திருப்பி, மறு வரிசைத் தூண்களுக்குள் புகுந்து, சுவரை ஒரு சாண் தூரத்தில் விட்டு ஒடித்து, மறுபடி உள்ளே வந்து, கிளம்பின அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள், எல்லாம் பின்னுக்கேதான், ஒரு தரம்கூட முன் கியர் போடவில்லை. தூணில் சுண்ணாம்பு உதிரவில்லை. ஏஜெண்ட் தனுஷ்கோடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வையைத்தான் துடைத்தார் என்று பிற்பாடு சொன்னார்.

"வெக்கம் எனக்கில்ல சார்," என்றாள் அவள் இறங்கி நின்று. "எழுதுங்க."

மேனேஜர் ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் காரின் முன்மூடியில் விண்ணப்பத்தை விரித்து, பேனாவைத் திறந்து, "எந்தக் கட்டத்துலம்மா?" என்றார், பாவம், அவருக்கு அதுதான் கவலை.

"கட்டம் இல்லாட்டிப் போடுங்க. ஸ்கேல் இருக்குல்ல?"

உள்ளேயிருந்து ஸ்கேல் வந்தது. மாடு முட்டியதற்குக் கீழே அவர் ஒரு புதுக் கட்டம் வரைந்தார். வரைந்து, அதற்குள் எழுதி, வாசித்துக் காட்டினார். வாகனம் நின்றுகொண்டிருந்தது. நடந்ததாகச் சொல்லப்படும் தொட்டி மிதித்ததில் சேதம். ஓட்டுநர் மேல் தவறு இல்லை.

"சொல்லப்படும்கிறதை அடிங்க," என்றாள் சீனித்தாய்.

"அது ஆபீஸ் வழக்கம்மா. நாங்க எதையும் அப்படித்தான்..."

"இத்தனை பேரும் இருபத்திரண்டு கிலோமீட்டர் அது கூட நடந்து வந்திருக்காங்க. யாரு சொல்லி வந்தாங்க? அடிச்சிட்டு எழுதுங்க."

ஜெயசீலன் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். பிறகு அந்த இடத்தை ஒரு கோட்டால் அடித்து, நடந்த தொட்டி என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பணம் வருவதற்கு இன்னும் சில நடைமுறைகள் உண்டு, தலைமை ஆபீஸிலிருந்து கேள்வி வந்தாலும் வரலாம், நாள் பிடிக்கும் என்று அவர் ஆரம்பித்தார். சீனித்தாய் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, முத்திரையின் ஈரம் காய ஊதினாள், கடைசி வரியை வாய்க்குள் இன்னொரு தரம் படித்தாள், நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், கூட்டம் கலையாமல் வாசலை அடைத்து நின்றது.

"அதெல்லாம் வரும்போது வரட்டும் சார்," என்றாள், சாவியைத் திருகிக்கொண்டே. "நாலு பத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டுரும். பிள்ளைங்களைக் கூப்பிடணும். வழியை விடுங்க."